பதின்மூன்று நிமிடம்

சுதீஷ் எழுதிய கேள்வியை ஒன்பது பேர் சிரமமில்லாமல் கடந்துவிட்டார்கள். 'நேற்று மொத்தம் எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருந்தீர்கள்?' ஒன்பது பேரும் வீடியோ அழைப்பில் சாய்ந்து உட்கார்ந்தபடி ஆறு, எட்டு என்று வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள். பத்தாவது ஆளும் தடுமாறாமல் சொல்லிவிட்டால் கேள்வி தேறிவிடும். ஆரோக்கியக் கணக்கெடுப்பில் மாநிலம் முழுக்கப் போகும். தம்பானூர் அலுவலகத்தில் அவனுக்கு வேலையும் இன்னொரு வருடம் நிலைக்கும்.

பத்தாவது ஆள் ஜெபமலர். சாலை பஜாரில் ஒரு துணிக்கடையில் சேலை எடுத்துக் காட்டுகிறவள். சாப்பாட்டு இடைவேளையில் மாடிப்படி ஜன்னலோரம் நின்று பேசினாள். அங்கேதான் போனுக்கு ரேஞ்ச் கிடைக்குமாம். மனதில் ஓடுவதையெல்லாம் அவள் சத்தமாகச் சொல்ல வேண்டும், அவன் உதவக்கூடாது. கேள்வி சரியாகப் புரிகிறதா என்று பார்க்கும் சோதனையின் விதி அது.

கேள்வியைக் கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டாள். நேற்றைய விடியலிலிருந்து புறப்பட்டாள். பாறசாலை பஸ்ஸில் சீட் கிடைத்து நாலு நிமிடம். அதற்குள் ஒரு கர்ப்பிணி ஏற, இவள் எழுந்துகொண்டாள். கடையில் நாற்காலி உண்டு. அதில் கல்யாணப்பட்டு கட்டிய பொம்மை உட்கார்ந்திருக்கிறது. மத்தியானச் சோற்றுக்கு ஒன்பது நிமிடம். ஜெபத்துக்கு முழங்கால் போட்டதைச் சேர்த்தாள், யோசித்தாள், கழித்தாள். சுதீஷ் குறிப்பெடுக்க மறந்துபோனான். ஒரு நாளை இப்படி ஓர் இழை விடாமல் பிரித்துப் போடுகிறவர்களை அவன் கண்டதில்லை. தன்னுடைய நேற்றில் அவனுக்கு நினைவிருந்தது இரண்டு டீ மட்டும்.

"வீட்டுல மீன் நறுக்க உக்காந்தேன், ஒரு அரமணிக்கூர். அது சேருமா சாரே?"

"உங்களுக்கு என்ன தோணுதுக்கா?"

"சேராது. அது மீனுக்கு வேண்டி உக்காந்ததுல்லா. எனக்கு வேண்டி இல்ல."

ஆக, பதின்மூன்று நிமிடம். படிவத்தில் மணிக்கணக்கு மட்டும்தான் ஏறும். சுதீஷ் பூஜ்யம் போட்டான். 'சரியான விடையைத் தரவும்' என்று சிவப்பில் வந்தது. அந்த வாசகமும் அவன் எழுதியதுதான்.

அவன் முகத்தைப் பார்த்தே அவள் கேட்டாள். "நான் சொன்னது தெற்றிப் போச்சோ?"

"இல்லக்கா. நீங்க சொன்னது சரிதான்."

ஒன்று என்று போட்டால் ஏற்கும். போட்டான், பச்சை விழுந்தது. பத்துக்குப் பத்து. கொஞ்சநேரம் பச்சையையே பார்த்திருந்துவிட்டு, அழித்தான்.

அழைப்பை இருவருமே துண்டிக்கவில்லை. அவள் போனை ஜன்னல் கம்பியில் சாய்த்துவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தாள். இடைவேளை முடிய இன்னும் இரண்டு நிமிடம். குழம்பு சிந்தாமல் ஒரு கையால் பாக்ஸைச் சாய்த்துப் பிடித்து, ஒரு காலால் மற்றக் காலைத் தேய்த்தபடி, நின்றுகொண்டே உருட்டி உருட்டி விழுங்கினாள்.