புயல் பாடாத பாட்டு

உயிரோடு இருந்த வரைக்கும் பாடகன் புயல் மொத்தமே மூன்று ஆல்பம்தான் போட்டான். செத்த பிறகுதான் ஆளுக்குச் சுறுசுறுப்பு வந்தது. வருடம் தவறாமல் ஒன்று வெளிவந்தது.

முதலில் வந்தவை உண்மையிலேயே நல்ல பாட்டுகள். கேட்டவர்கள் கண் கலங்கினார்கள். அடுத்து வந்தவை பாதியில் விட்ட பாட்டுகள். அதற்கும் கலங்கினார்கள். போன வருடம் வந்ததில், கிடாருக்குச் சுதி சேர்ப்பதும், இருமுவதும், டீ இன்னும் வரவில்லையா என்று யாரையோ அதட்டுவதும்தான் முக்கால்வாசி. ‘அந்த இருமலில் ஒரு தலைமுறையின் வலி இருக்கிறது’ என்று ஒரு ரசிகர் எழுதினார். ஈரத்தலையோடு மின்விசிறிக்கு அடியில் தூங்கினால் எந்தத் தலைமுறைக்கும் அந்த வலி வரும் என்பது அவன் மனைவிக்குத் தெரியும். இருமல் மருந்து ஊற்றியவள் அவள்தானே.

அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் தம்பி புயலின் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசித்தான். அவன் கூப்பிட்டதைக் கேட்டுக் குழுவே கூப்பிட்டது. கடைசியில் அதுவே பெயராகிவிட்டது. கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தாள். புயல் உலகத்தின் இருட்டைப் பற்றிப் பாடிக்கொண்டிருந்த நாட்களிலும் வீட்டில் அடுப்பெரிந்தது அந்தக் கடையால்தான். எந்த ஒலிநாடா வெளியே போவதானாலும் அவள் ஒரு முறை கேட்டுத் தலையாட்ட வேண்டும் என்பது இசைக் கம்பெனியோடு ஒப்பந்தம். அதனால் வருடத்துக்கு ஒரு நாள் கடையைப் பூட்டிவிட்டு ஸ்டூடியோவுக்குப் போவாள்.

இந்த முறை கம்பெனியின் தாடிக்காரர் வாசலுக்கே வந்து நின்றார். பழைய நாடாக்களைத் தோண்டி எடுப்பதுதான் அவருக்கு வேலை. புயலைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார், ஏதோ அடுத்த அறையில் புயல் தூங்குவது போல.

“மேடம், இந்தத் தடவை கிடைச்சிருக்கிறது புதையல். இப்படி ஒரு பாட்டை அவர் பாடினதே யாருக்கும் தெரியாது” என்றார். அவளை உட்காரவைத்து, டிஷ்யூ பெட்டியைக் கைக்கு எட்டும்படி நகர்த்தினார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவுப் பொறியாளர், நரை விழுந்த ஒரு பெண், பொத்தானை அழுத்தினாள்.

கிடார் இல்லை. மேஜையில் யாரோ விரலால் தாளம் தட்டும் சத்தம். பிறகு அந்தக் குரல். புயலின் குரல். அதே கரகரப்பு, ஒவ்வொரு வரியின் வாலையும் பிடித்து இழுக்கும் அதே இழுவை.

‘கண்ணாடி பார்த்தேன், கண் கூசிப் போனேன்,
என் அளகை நானே தாங்காமல் அளுகிறேன்.
என் இருட்டுக்குள் வாருங்கள், எல்லோரும் வாருங்கள்,
சுவிட்ச் எங்கே என்று யாராவது சொல்லுங்கள்.’

இரண்டாவது வரியிலேயே அக்காவின் தோள் குலுங்க ஆரம்பித்தது. நாலாவது வரியில் அவள் ஒரு டிஷ்யூவை உருவி வாயில் திணித்துக்கொண்டாள்.

“அழணும்னா அழுதுடுங்க மேடம்” என்றார் தாடிக்காரர். அவர் கண்ணும் ஈரமாகத்தான் இருந்தது. “எவ்வளவு பெரிய மனசு பாருங்க. தன்னைத்தானே கிழிச்சுத் தொங்க விட்டிருக்காரு. இந்தத் தன்னடக்கம் யாருக்கு வரும்?”

அக்கா டிஷ்யூவை வாயிலிருந்து எடுத்தாள். “தன்னடக்கமா? அந்த மனுஷனுக்கா?” அவள் சிரித்த சிரிப்பில் மேஜை ஆடியது. “சார், இது அவர் இல்லை. என் தம்பி.”

“மேடம், குரலைப் பாருங்க...”

“குரல் இருக்கட்டும். அளகு, அளுகிறேன்னு வருதே, அதைக் கவனிச்சீங்களா? என் தம்பிக்கு ‘ழ’ வராது. சின்ன வயசுல வாழைப்பழம்னு சொல்லச் சொல்லித் தெருவே கேட்டுட்டு நிக்கும்.”

தாடிக்காரரின் முகம் தொங்கிப்போனது. “நாங்க அதை ஒரு மொழி உடைப்புன்னு நினைச்சோம். சின்னதா ஒரு கட்டுரைகூட எழுதி வெச்சிருக்கேன்.”

தடுப்புக்கு அந்தப் பக்கம் பொறியாளர் முதல் முறையாகச் சிரித்தாள். “எனக்கும் ஒரு சந்தேகம் இருந்துச்சு. பாட்டு முடிஞ்ச பிறகும் நாடா ஓடிட்டே இருக்கு. யாரோ பேசுறாங்க. சார்தான் பாட்டு போதும்னுட்டார்” என்றாள்.

“அதை இப்ப போட வேணாம்” என்றாள் அக்கா. “அவனைக் கூட்டிட்டு வர்றேன்.”

தம்பி துணி துவைக்கும் இயந்திரம் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். ஒரு டிரம்மை விட்டு இன்னொரு டிரம்முக்கு மாறிவிட்டேன் என்று வாடிக்கையாளர்களிடம் அவனே சொல்லிக்கொள்வான். சொல்லிவிட்டு அவனே சிரிப்பான். அக்கா போனபோது ஒரு இயந்திரத்துக்குள் தலையை விட்டிருந்தான். அவள் அந்தப் பாட்டின் முதல் வரியை முணுமுணுத்ததும் நங்கென்று தலையை இடித்துக்கொண்டு வெளியே வந்தான்.

“அய்யோ! அது உனக்கு எப்படித் தெரியும்?”

“ஊருக்கே தெரியப்போகுது. கம்பெனிக்காரன் கேட்டு அழுதுட்டு இருக்கான்.”

“அளிச்சிட்டேன்னு சொன்னானே அந்த ஒலிப்பதிவுக்காரன்! அக்கா, சத்தியமா அது விளையாட்டு. மாமா போட்டோ எடுத்துக்கப் போயிட்டு வரவே இல்லை. பசங்க எல்லாரும் கொட்டாவி விட்டுட்டு இருந்தாங்க. சும்மா அவரை மாதிரி பாடிக் காட்டினேன்.” தலையைத் தடவிக்கொண்டான். “அந்த வாரமே என்னைத் தூக்கிட்டாரு. அதை மட்டும் கேட்டிருந்தார்னா, தூக்கியிருக்க மாட்டார், எறிஞ்சிருப்பார்.”

அவனைக் குழுவிலிருந்து எடுத்தது அக்காவுக்குத் தெரியும். ‘உன் தாளம் ஓடுது மச்சான், பிடிச்சு நிறுத்த முடியலை’ என்று புயல் எல்லோர் முன்னாலும் சொன்னான். சாப்பாட்டு மேஜையிலும் அதையே சொன்னான். தம்பி தாளக் குச்சிகளைக் கொண்டுபோய்ப் பரணில் போட்டான். அதற்குப் பிறகு அவன் கையில் தாளம் தட்டி யாரும் பார்த்ததில்லை. தனக்கு வராத ஒன்றை இத்தனை நாள் வாசித்துவிட்டோமே என்று வெட்கப்பட்டவன் போலத்தான் இருந்தான். அக்காவும் அதை நம்பினாள். அவளுக்குத் தாளம் என்ன தெரியும்?

மறுநாள் இரண்டு பேரும் ஸ்டூடியோவில் உட்கார்ந்தார்கள். தம்பி கையை மடியில் வைத்து, பல் பிடுங்க வந்தவன் மாதிரி இருந்தான். பொறியாளர் மிச்ச நாடாவை ஓடவிட்டாள்.

பாட்டு முடிந்து பையன்களின் சிரிப்பு. நாற்காலிகள் நகரும் ஓசை. கதவு சாத்தும் ஓசை. கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. மறுபடி கதவு. பிறகு புயல், அசல் புயல்:

“போயிட்டானா?”

“போயிட்டாங்க சார். நீங்க வெளியில நின்னது அவருக்குத் தெரியாது” என்றது ஒலிப்பதிவுக்காரரின் குரல்.

கிடாரை எடுக்கும் சத்தம். புயல் அந்தப் பாட்டைப் பாட ஆரம்பித்தான். தன்னைக் கிண்டல் செய்த பாட்டைத் தானே பாடிப் பார்த்தான். ‘அழகு’ என்று திருத்தமாக உச்சரித்தான். இரண்டு வரி போனதும் நிறுத்தினான். மறுபடி ஆரம்பித்தான். மறுபடி நிறுத்தினான். உப்புச் சப்பில்லாமல் இருந்தது. அவனுக்கே அது தெரிந்தது. பிறகு சிரித்தான். வாய்விட்டு, மூச்சு வாங்கச் சிரித்தான்.

“படுபாவி. என்னை விட நல்லா நானா இருக்கான்யா. இவனை நாளைக்கே அனுப்பிடணும்.”

“எதுக்கு சார்? நல்லாத்தானே வாசிக்கிறார்?”

“வாசிக்கிறான், யார் இல்லேன்னா? நான் இவனை அனுப்பலேன்னா ஜனங்க என்னை அனுப்பிடும். அந்த நாடாவை அழிச்சிடு.”

நாடா நின்றது. தாடிக்காரர் தரையைப் பார்த்தார். அக்காவுக்கு ஆத்திரம் மண்டைக்கு ஏறியது. செத்தவனைத் திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். அதற்குள் தம்பியின் முகத்தைப் பார்த்துவிட்டாள். அவன் முகம் விளக்குப் போட்டது மாதிரி இருந்தது.

“பொறாமையா?” என்றான் மெதுவாக. “மாமாவுக்கா? என் மேலயா?”

“இத்தனை வருஷத்தைக் கெடுத்திருக்கான், உனக்குக் கோபம் வரலையா?”

“வரும்க்கா, வரும். முதல்ல இதை இன்னொரு தடவை போடச் சொல்லு. ‘வாசிக்கிறான், யார் இல்லேன்னா’ன்னு சொன்னாரே, அங்கேருந்து.”

அதைப் பல முறை போட்டார்கள். கோபம் வீடு திரும்பும் வழியில்தான் வந்தது. வேனை ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டான். அக்கா அவன் முதுகில் கையை வைத்தபடி இருந்தாள்.

ஆல்பத்தில் தம்பியின் பாட்டு அவன் பெயரிலேயே வர வேண்டும், பின்னால் அந்தப் பேச்சும் வர வேண்டும் என்று அக்கா பிடிவாதமாக நின்றாள். தாடிக்காரர் கையைப் பிசைந்தார். “பேச்சை மட்டும் வெட்டிடலாமே மேடம். புயல் சாரோட பேரு...”

“இருமலைப் போட்டீங்க, டீ கேட்டதைப் போட்டீங்க. மனுஷன் வாழ்க்கையில ஒரே ஒரு தடவை உண்மை பேசியிருக்காரு. அதைப் போட மாட்டீங்களா?”

போட்டார்கள். மற்ற எல்லாவற்றையும் விட அதுதான் ஓடியது. தம்பி பரணில் ஏறினான். இரண்டு பழைய நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, கடை விடுமுறை நாட்களில் வாசிக்கவும் பாடவும் ஆரம்பித்தான். பழுதே இல்லாத இயந்திரங்களைத் தூக்கிக்கொண்டு ஜனம் கடைக்கு வந்தது.

வினை வேறு பக்கத்திலிருந்து வந்தது. புயலின் எல்லாப் பாட்டுகளையும் பாடியதே டிரம்ஸ்காரன்தான், புயல் வெறுமனே வாயசைத்தான் என்று ஒருவர் கிளப்பிவிட்டார். அதை நிரூபிக்கப் படங்கள், அம்புக்குறிகள், நீண்ட விளக்கங்கள். நேற்று வரை இருமலுக்கு உருகியவர்களே புயலை மோசக்காரன் என்றார்கள். தம்பி இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல, அது அவன் பெருந்தன்மை என்றார்கள்.

வானொலிக்காரர்கள் அக்காவைக் கூப்பிட்டார்கள். எதிரே, அந்தக் கதையைக் கிளப்பிய ஆராய்ச்சியாளர் கோப்புகளோடு உட்கார்ந்திருந்தார்.

“உண்மையைச் சொல்லுங்க மேடம். உங்க கணவருக்குப் பாடவே வராது, இல்லையா?”

அக்கா அவரைக் கண் சோதிப்பது போலப் பார்த்தாள். புயல் மறந்த விசேஷ நாட்கள், சொன்ன பொய்கள், தம்பிக்குச் செய்தது எல்லாம் தொண்டை வரை வந்து நின்றன.

“இங்க பாருங்க. அவரைப் பத்திக் கெட்டதாச் சொல்ல என்கிட்ட நிறைய இருக்கு. உங்க கோப்புல இடம் பத்தாது. ஆனா தினமும் குளியலறைக் கதவைச் சாத்திட்டு அந்த மனுஷன் பாடினதை வெளியில நின்னு கேட்டவ நான். பாடினது அவர்தான். நல்ல குரல். ரொம்ப நல்ல குரல்.”

சொல்லி முடித்ததும் அவளுக்கே திக்கென்றது. வாழ்ந்த காலத்தில் அவனிடம் அதை ஒரு முறைகூடச் சொன்னதில்லை. சொன்னால் அவன் தலை பெருத்து வாசலில் இடிக்கும் என்று பயம்.

வெளியே வேனில் தம்பி வானொலியை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்தான்.

“என்னக்கா, மாமாவைப் போய் இவ்வளவு புகள்ந்துட்டே?”

“வாயில வந்துடுச்சு” என்றாள் அக்கா, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு. “வண்டியை எடு.”