கஞ்சி மணி

பிலவேந்திரனுக்கு நாய் என்றால் பயம். பவுண்டுக்கு அவனைக் காவலாகப் போட்டவர்களுக்கு இது தெரியாது. தெரிந்தால் வேலை போய்விடும் என்று அவனும் வாயைத் திறக்கவில்லை. பயிர் மேய்ந்த மாட்டையும் கழுதையையும் அடைத்துவைக்கும் இடம் என்றுதான் சொல்லிச் சேர்த்தார்கள். மாட்டிடமும் அவனுக்குப் பயம்தான். ஆனால் மாடு வேலி ஏறி வராது என்று யோசித்துப் பார்த்துத்தான் ஒப்புக்கொண்டான். எதையும் யோசித்து, வரிசைப்படுத்தி, அதன்பிறகு தவறாகச் செய்வது அவன் வழக்கம்.

மலையைக் குடைந்து பெரியாற்றுத் தண்ணீரை இந்தப் பக்கம் திருப்பும் வேலை அப்போது நடந்துகொண்டிருந்தது. எங்கெங்கிருந்தோ கூலிக்கு வந்தவர்கள் நாயோடு வந்தார்கள். காய்ச்சலில் செத்தவர்கள் போக, காய்ச்சலுக்குப் பயந்து ஊர் திரும்பியவர்கள் நாயை விட்டுவிட்டுப் போனார்கள். கம்பத்துச் சந்தையிலும் சுருளிப்பட்டிப் பாதையிலும் நாய் பெருகியது. வெறிநாய் கடித்து ஒருவர் இறந்ததும் யூனியனில் உத்தரவு போட்டார்கள். கழுத்தில் கயிறு இல்லாத நாயைப் பிடித்துப் பவுண்டில் அடைப்பது. சித்திரை முடிவதற்குள் யாராவது வந்து தன்னுடையது என்று சொல்லிக் கயிறு கட்டினால் விட்டுவிடுவது. மீதியை எட்டிக்கொட்டை கலந்த சோறு வைத்துக் கொன்றுவிடுவது.

போன சித்திரையில் யாரும் வரவில்லை. குழி வெட்டியது பிலவேந்திரன். அன்றிலிருந்து அவனுக்கு நாயைக் கண்டால் பயத்தோடு இரக்கமும் சேர்ந்துகொண்டது. இரண்டையும் ஒரே உடம்பில் வைத்துக்கொண்டு திரிவது சிரமமாக இருந்தது. இந்த வருஷம் இன்னொரு குழி வெட்டத் தன்னால் ஆகாது என்று முடிவுசெய்தான்.

நாய் யாருக்கு வேண்டும் என்று முறையாக யோசித்தான். நிலத்தில் உரத்துக்காக ஆட்டுக்கிடை போடுகிறவர்களுக்கு நரித்தொல்லை. மலையடிவாரத் தோட்டக்காரர்களுக்குக் காட்டுப்பன்றித் தொல்லை. பவுண்டில் நாயைத் தேற்றிக் கொடுப்பது தன் பொறுப்பு, கொண்டுபோய் வைத்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு என்று பேசிவிடலாம். பெரிய ராஜதந்திரி போல் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கிடைக்காரர்களில் மூத்தவரான கருத்தக்கண்ணனிடம் போனான்.

"நாயா? விடு, கிடைப்பக்கம் கிடக்கட்டும்" என்றார் அவர்.

"ஒங்க நாயின்னு கழுத்துல ஒரு கயிறு கட்டிருங்கண்ணே. யூனியன்காரக தொடமாட்டாக."

"அது மட்டும் ஆகாதுப்பா. நாய் வேணும், நாய்க்காரன்ங்கிற பேரு வேணாம். நாளைக்கு எவன் கெண்டைக்கால்லயாச்சும் வாய வச்சிருச்சுன்னா பஞ்சாயத்துல துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு நிக்கிறது யாரு, நீயா?"

அந்தப் பக்கத்தில் அதுதான் வழக்கம். கயிறு கட்டியவன்தான் கடிக்குப் பொறுப்பு. ஆகையால் வாசலிலேயே பிறந்து வளர்ந்த நாயைக்கூட யாரும் எங்கள் நாய் என்று சொல்லமாட்டார்கள். "இங்கன கிடக்குற நாய்" என்பார்கள். சுருளிப்பட்டி மொக்கம்மாளும் அதையேதான் சொன்னாள். அவளுக்குச் சோளக்காடு, புருஷன் இல்லை. கயிற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், நாய் பவுண்டில் இல்லாவிட்டால் போதும் என்று பிலவேந்திரன் ஒப்புக்கொண்டான். அது முதல் தவறு.

இரண்டாவது தவறு அதற்கு முன்பே நடந்துவிட்டது. பவுண்டுக்கு அடுத்த கட்டடம் மாதா கோவில். அங்கே உபதேசியார் மரிய ஜோசப் சாயங்கால வகுப்பு நடத்தினார். பிலவேந்திரன் அதில் படித்தான். வகுப்பு விளக்கின் எண்ணெய்க்குக் காசு கொடுக்க வழியில்லாததால் பதிலுக்கு அந்திமணி அடித்தான். மணி அடித்த கையோடு பவுண்டுக்கு ஓடி, வேலிக்கு வெளியே நின்று நீளமான மூங்கில் வழியாக நாய்களுக்குக் கஞ்சி ஊற்றுவான். பிறகு வகுப்பு. ஒழுங்கான ஏற்பாடு என்று அவனுக்குப் பெருமையாக இருந்தது. நாய்களும் ஒழுங்காகக் கற்றுக்கொண்டன. மணி என்றால் கஞ்சி.

நாய்களைக் கொடுத்து முடித்த அன்று அந்திமணி அடித்தான். கொஞ்ச நேரத்தில் எல்லாத் திசையிலிருந்தும் நாய் வந்தது. கிடையிலிருந்து வந்தது, சோளக்காட்டிலிருந்து வந்தது. பவுண்டு வாசலில் நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்தன. நம்மேல் இவ்வளவு பாசமா என்று பிலவேந்திரனுக்குக் கண் கலங்கியது. வேலிமேல் ஏறி நின்றபடிதான் கலங்கினான்.

தூரத்துப் பண்ணைப்புரத்துத் தோட்டக்காரர்களுக்குக் கொடுத்தவை மட்டும் திரும்பவில்லை. அவற்றுக்குப் பாசம் குறைவு என்று நினைத்துக்கொண்டான். பண்ணைப்புரத்துக்கு மணிச்சத்தம் எட்டாது என்பது பல நாள் கழித்து, வகுப்பில் வேறு எதையோ படிக்கும்போது உறைத்தது. அன்று உபதேசியார் கேட்ட கேள்விக்கு அவன் சொன்ன பதிலும் தப்பு.

மறுநாள் மணியின் நாக்கில் பழந்துணியைச் சுற்றி அடித்தான்.

"ஏலே, மணிக்குச் சளி பிடிச்சிருக்கா?" என்றார் உபதேசியார்.

காரணத்தைச் சொன்னான். அவர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார். "நாய்க்காக மாதாவோட மணிய அமுக்க முடியாதுல. களத்துல நிக்கிற சனத்துக்குக் கேக்கணும்ல. துணிய அவுரு."

அவிழ்த்தான். தினமும் வருகிறவற்றுக்குக் கஞ்சி ஊற்றித் துரத்திவிட்டான். துரத்துவது என்றால் அவன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். சலித்துப்போய் அவை தாமாக ஆட்டுக்கிடைக்கும் சோளக்காட்டுக்கும் திரும்பிவிடும்.

சித்திரை கடைசி நாள் யூனியன் மேஸ்திரி சங்கரலிங்கம் வந்தார். கூட வந்த ஆள் தலையில் சோற்றுப்பானை. பொழுது அடையும் நேரம். பவுண்டில் ஒரே ஒரு நாய்தான் இருந்தது, ஒத்தக்காதன். அதை யாரும் கேட்கவில்லை. அது பிலவேந்திரனைக் கடித்த நாய் என்று ஊர் முழுக்கத் தெரியும். கடித்தபின் பல வாரம் அவன் தினமும் செம்பில் தண்ணீர் வைத்துத் தனக்கு வெறி பிடித்து அதைக் கண்டு பயம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்ததும் தெரியும்.

"பரவால்லயே, ஒண்ணுதான் மிச்சமா?" என்றார் சங்கரலிங்கம்.

அதையும் விட்டுவிடச் சொல்லி ஒரு பேச்சை மனப்பாடம் செய்து வைத்திருந்தான் பிலவேந்திரன். முதல் வார்த்தையை எடுப்பதற்குள் கோவில் பக்கமிருந்து உபதேசியார் குரல் கொடுத்தார். "பொழுது போகுதுல, மணி."

பிலவேந்திரன் கோவிலுக்குப் போய் மணிக்கயிற்றைப் பிடித்தான். அடித்தால் என்ன வரும் என்று தெரியும். அடிக்காமலும் இருக்க முடியாது. அடித்தான். எல்லா நாயும் வந்தது.

சங்கரலிங்கம் ஒரு கல்லின்மேல் ஏறிக்கொண்டார். "ஏம்ப்பா, கொடுத்தாச்சுன்னு சொன்னியே, இதெல்லாம் என்ன? ஒண்ணு கழுத்துலயும் கயித்தக் காணோம். எறக்குய்யா பானைய."

பானை இறங்கியது. பிலவேந்திரன் அதற்கும் நாய்களுக்கும் நடுவில் போய் நின்றான். பின்னால் அத்தனை நாய் மூச்சுவிடுவது அவன் கெண்டைக்காலில் பட்டது. மனப்பாடம் செய்த பேச்சு முழுவதும் மறந்துபோனது.

அப்போது பாதையில் மொக்கம்மாள் கம்போடு வந்துகொண்டிருந்தாள். "நாசமாப் போறவனே, பன்னி எறங்குற நேரமாப் பாத்து மணி அடிச்சு நாயக் கூப்புடுறியே, எஞ்சோளத்த நீ வந்து காப்பியா?" என்று தூரத்திலேயே ஆரம்பித்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் கருத்தக்கண்ணனும் மூச்சிரைக்க வந்தார்.

"இந்த நாய்க ஒங்களுதா?" என்று சங்கரலிங்கம் கேட்டார்.

"அங்கன கிடக்குற நாய்" என்றார் கருத்தக்கண்ணன், தரையைப் பார்த்து.

"அப்ப யாரு நாயும் இல்ல. சோத்த வையி."

ஒரு செவலை நாய் பானையை நோக்கி மூக்கை நீட்டியது. மொக்கம்மாள் கம்பால் பானையை ஒரு தட்டுத் தட்டினாள். சோறு மண்ணில் கொட்டியது. கொட்டியதன்மேல் அவளே ஏறி நின்றுகொண்டாள்.

"செவலை என் நாயி. கடிச்சா நான் பஞ்சாயத்துல நின்னுக்கிறேன். பன்னிகிட்டப் போயி நிக்க எனக்கு வேற ஆளு இல்லய்யா."

முந்தானை ஓரத்தைக் கிழித்துச் செவலையின் கழுத்தில் கட்டினாள். பிறகு கருத்தக்கண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். "என்னண்ணே, கூழும் வேணும், மீசையும் நனையக் கூடாதா?"

கருத்தக்கண்ணன் இடுப்புக் கயிற்றை உருவினார். அது ஒன்றுக்குத்தான் ஆயிற்று. மற்றவற்றுக்குத் தலைப்பாகையைக் கிழித்தார். கிழிக்கும்போது பிலவேந்திரனைத் திட்டிய திட்டில் தலைப்பாகையின் விலையும் வந்தது.

கடைசியில் ஒத்தக்காதன் மட்டும் கழுத்து வெறுமையாக நின்றது. எல்லோரும் பிலவேந்திரனைப் பார்த்தார்கள். எல்லா நாய்க்கும் இடம் தேடிய தான், தன் வீடு ஓர் இடம் என்று ஒருமுறைகூட யோசிக்கவில்லை என்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவ்வளவு முறையாக யோசிக்கிறவன்.

"என் நாய்" என்றான். இன்னொரு தடவை சொன்னான்.

"இது கடிச்ச நாயின்னு சொன்னாகளே" என்றார் சங்கரலிங்கம். "கடிபட்டவன் ஒத்துக்கிட்டாத்தான் விடமுடியும். யாரு கடிபட்டது?"

"நாந்தான்."

"ஒத்துக்கிறியா?"

"ஒத்துக்கிறேன். அது மேல தப்பில்ல. கண்ண மூடிக்கிட்டு வால மிதிச்சுட்டேன்."

சங்கரலிங்கம் கல்லிலிருந்து இறங்கினார். "கயிறு?"

பிலவேந்திரனிடம் அன்று துண்டும் இல்லை, தலைப்பாகையும் இல்லை, அவிழ்க்கக்கூடிய நிலையில் வேறொன்றும் இல்லை. கோவிலுக்கு ஓடி, மணிக்கயிற்றின் நுனியை அரிவாளால் அறுத்துக்கொண்டு வந்தான். முடிச்சு மூன்று தரம் அவிழ்ந்தது. ஒத்தக்காதன் அசையாமல் நின்று, அவன் கையை நக்கியது. கடிக்கத்தான் போகிறது என்று அவன் கண்ணை மூடிக்கொண்டிருந்ததால் அதைப் பார்க்கவில்லை.

மறுநாள் அந்தியில் மணிக்கயிறு அவன் கைக்கு எட்டவில்லை. எகிறி எகிறி அடித்தான். மணி நொண்டி நொண்டிக் கேட்டது. களத்தில் நின்றவர்களுக்கு மணிதான் என்று புரிந்தது. கிடையில் கட்டிப்போட்டிருந்த நாய்கள் இருந்த இடத்திலிருந்தே ஊளையிட்டன. ஒத்தக்காதன் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் ஒவ்வொரு தடவை எகிறும்போதும் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது.