தங்கத்துக்கு அடியில் இரண்டு நானோமீட்டர்

1

இந்தக் கதை நியூசிலாந்தின் டனீடனில், ஓர் இயற்பியல் ஆய்வகத்தின் பத்து மணித் தேநீர் மேசையில் என் காதில் விழுந்தது. முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘மெல்லிய தங்கப் படலத்தின் புதைந்த பக்கத்தில், யாரும் பார்க்காத ஓர் அலை…’

வேண்டாம். இவ்வளவு போதும்: சரியான கோணத்தில் ஒளி பட்டால் படலத்தின் எலக்ட்ரான்கள் அலையாக எழுந்து அதை விழுங்கும். பிளாஸ்மான் என்பார்கள். திரும்பி வரும் ஒளியில் ஒரு பள்ளம் விழும். கிர்ஸ்டி டாலிமோர் நான்கு ஆண்டுகளாக அந்தப் பள்ளத்தை அளந்தாள். தங்கம் கண்ணாடியைத் தொடும் இடத்தில் அது கணக்கைவிட அகலமாக இருந்தது. அதற்கு அவளிடம் புதிய விளக்கம் ஒன்று இருந்தது. ஆய்வேடே அதுதான். வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும்.

2

மாரிஸ் படலம் பூசுகிறவர். (கெட்டவராக எழுதிப் பார்த்தேன். வரவில்லை.) செவ்வாய்க்கிழமை, சீஸ் ரோலைக் கடித்தபடி சொன்னார்:

“என் படலம் உரிஞ்சதே இல்ல, கவனிச்சியா? எனக்கு முந்தி இருந்தவன் போட்டது வெங்காயத் தோலு.”

“உங்களுக்குக் கைராசி.”

“ராசியாவது! அடியில ரெண்டு நானோமீட்டர் குரோமியம். அப்பதான் ஒட்டும்.”

கிர்ஸ்டி கோப்பையை வைத்தாள்.

“எனக்குமா?”

“உனக்கு மட்டும் உரியட்டும்னு விடுவேனாம்மா?”

“வெறும் தங்கம்னுதானே எழுதிக் குடுத்தேன்.”

“எல்லாரும் அப்படித்தான் எழுதுறாங்க. சமைக்கச் சொல்றவங்க உப்புப் போடுன்னு தனியா சொல்றாங்களா?”

குரோமியம் ஒளியைக் குடிக்கும். இரண்டு நானோமீட்டரே பள்ளத்தை அகலமாக்கிவிடும். புதிய விளக்கம் தேவைப்படாது.

3

இங்கே அவளை அழவைத்திருந்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன். அவள் கோப்பையைக் கழுவினாள். மாரிஸின் கோப்பையையும்.

“வேற யாருக்குத் தெரியும்?”

அவர் அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தார்.

“கேட்டா சொல்லுவேன். யாரும் கேட்டதில்ல.”

4

முடிவு அ: குரோமியத்தைச் சேர்த்துக் கணக்குப் போடுகிறாள். கோடு அளவீட்டின்மேல் அச்சாக உட்காருகிறது. அதன்பின் அவள்

முடிவு ஆ: ஆய்வேட்டை அப்படியே அனுப்பிவிடுகிறாள். பட்டம் கிடைக்கிறது. மாரிஸை யாரும் கேட்கவில்லை.

(ஆ-வை ஐந்து நிமிடத்தில் எழுதினேன். அ இன்னும் அந்த வாக்கியத்திலேயே நிற்கிறது.)

5

இன்று வியாழன். திரையில் ஒரு வரி: ‘தங்கம் நேரடியாகக் கண்ணாடிமேல் பூசப்பட்டது.’ கர்சர் ‘நேரடியாக’ என்ற சொல்லுக்குப் பின்னால் நிற்கிறது; அவள் விரல் அழிக்கும் விசைமேல் காத்திருக்கிறது. களைத்திருக்கிறாள்.

விஷயம் இப்போது மாரிஸுக்கும் அவளுக்கும் உங்களுக்கும் தெரியும். என்னைச் சேர்க்காதீர்கள். அந்த மேசையில் நானும் இருந்தேன். ஒன்றும் சொல்லாமல் என் ரோலைத் தின்று முடித்தேன்.