வாழைப்பழத்துக்கும் நாடி துடித்தது

பசறைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில், காலையில் எல்லாவற்றுக்கும் முன்னால் திறப்பது பிள்ளைக்காம்பராவின் கதவுதான். கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை அங்கே விட்டுவிட்டுத்தான், அன்றைய வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்கு ஓடுவார்கள். கம்பளியில் சுற்றிய பிள்ளைகளை ஒவ்வொன்றாக வாங்கி, ஒன்றை இடுப்பிலும் ஒன்றைத் தோளிலுமாகப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பாள் ஜீவராணி.

"ஜீவாக்கா, ராத்திரி பூரா இவளுக்குச் சளி. கொஞ்சம் பாத்துக்குங்க" என்று தன் மகள் தர்ஷிகாவை நீட்டினாள் நிஷாந்தினி.

"நீ போ புள்ள, பெரட்டுக்கு நேரமாச்சு. நான் பாத்துக்கிறேன்."

பிள்ளையை வாங்கிய அந்தக் கணத்தில் ஜீவராணியின் நெஞ்சு மறுபடியும் தொடங்கியது. நாலைந்து அடி வேகமாக அடித்தது. ஓர் அடி விட்டுப்போனது. பிறகு எல்லாம் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு உதறியது. அந்தக் குளிரிலும் அவளுக்குக் கழுத்தெல்லாம் வியர்த்தது. சுவரில் சாய்ந்து, மூச்சை அடக்கி, சிரித்த முகத்தோடேயே நின்றாள்.

இரண்டு மூன்று மாதமாகவே இப்படித்தான். உடம்பு இளைத்துக்கொண்டே வந்தது. விரல்கள் நடுங்கின. கண் பட்டிருக்கும் என்றார்கள் சிலர். இரத்தம் குறைவு, கீரை சாப்பிடு என்றார்கள் வேறு சிலர். நெஞ்சு படபடப்பதை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. தொழிற்சாலையில் வேலை செய்யும் கணவன் நல்லையாவுக்குக்கூடத் தெரியாது.

அதற்குக் காரணம் இருந்தது. அவளுக்கு முன் பிள்ளைக்காம்பராவில் வேலை பார்த்தவள் தனலெட்சுமி. ஒருநாள் அவளுக்கு வலிப்பு வந்தது. அன்று பிள்ளைகள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மறுநாள் ஒரு தாய்கூடத் தன் பிள்ளையைக் கொண்டுவந்து விடவில்லை. அவளுக்கு என்ன நோய், மருந்து எடுக்கிறாளா என்று எவரும் கேட்கவில்லை. வேலையை விட்டு நிறுத்தப்பட்டு, கொழுந்து பறிக்கக் கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போனவள்தான் தனலெட்சுமி. தனக்கும் அந்த நிலைமை வந்துவிடுமோ என்ற பயம் ஜீவராணிக்கு நெஞ்சுப் படபடப்பைவிடப் பெரிதாக இருந்தது.

அப்போதுதான் பேஸ்புக்கில் அந்த விளம்பரத்தைப் பார்த்தாள். கையில் கட்டினால் போதும்; இதயம், பிரஷர், சீனி எல்லாவற்றையும் காட்டும் வாட்ச். டொக்டரும் வேண்டாம், கிளினிக்கும் வேண்டாம் என்று போட்டிருந்தது. இது இருந்தால் யாருக்கும் தெரியாமல் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, தங்கச்சி வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பதுளைக்கு பஸ் ஏறினாள். பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் பவாஸ் என்ற முஸ்லிம் வியாபாரியின் போன் கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் விதவிதமாக வாட்ச்கள் அடுக்கியிருந்தன. விளம்பரத்தில் பார்த்ததைப் போலவே ஒன்றைக் கைகாட்டினாள்.

"நானா, இது நெஞ்சு அடிக்கிறதச் சரியா காட்டுமா?"

பவாஸ் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். மெலிந்த முகத்தையும் நடுங்கும் விரல்களையும் கவனித்தார்.

"யாருக்குத் தங்கச்சி?"

"எங்க வீட்டுக்காரருக்கு."

பவாஸ் அந்த வாட்சை எடுத்தார். பகல் சாப்பாட்டுக்கென்று மேசையில் வைத்திருந்த தடித்த ஆனைவாழைப்பழம் ஒன்றை எடுத்து, அதன் நடுவில் வாட்சை இறுக்கிக் கட்டினார். கொஞ்ச நேரம் பச்சை வெளிச்சம் மின்னியது. பிறகு எழுபத்தெட்டு என்று எண் விழுந்தது.

"பாத்தீங்களா? வாழப்பழத்துக்கும் நாடி துடிக்குது. நல்ல சொகமா ஈக்குது அது."

ஜீவராணிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"நேரம் பாக்க, எத்தன அடி நடந்தேன்னு பாக்க இத வாங்குங்க, தாரேன். நோய் பாக்க இத நான் விக்கிறதில்ல. ஊசி குத்தாம சீனி பாக்கும்னு எவன் சென்னாலும் நம்பாதீங்க."

தன் கையில் கட்டியிருந்த வாட்சைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"இது வேற சாதி. எனக்கும் நெஞ்சுல கோளாறு ஈக்குது. டொக்டர் பாத்து, மருந்து தந்து, அதுக்குப் பொறகுதான் இதக் கட்டச் சென்னார். இந்தப் பொத்தான்ல வெரல வச்சிட்டு அசையாம இருந்தா, ஆஸ்பத்திரியில ஈசிஜி எடுக்கிற மாதிரி ஒரு கோடு வரும். கட்டிப் பாருங்க. வீட்டுக்காரருக்கு இல்ல, உங்களுக்குத்தானே?"

 வாட்சைக் கட்டி, அவர் காட்டியபடி விரலை வைத்தாள். திரையில் கோடு ஓடியது. சில இடத்தில் நெருங்கியும் சில இடத்தில் விலகியும், ஒழுங்கே இல்லாமல் ஓடியது. முடிவில் ஆங்கிலத்தில் ஏதோ வந்தது. பவாஸின் முகம் மாறியது.

"நெஞ்சு தாளம் தப்பி அடிக்கிற மாதிரி ஈக்குதுன்னு காட்டுது. டொக்டரக் காணச் செல்லுது."

"அப்ப எனக்கு இந்த மாதிரியே ஒண்ணு தாங்க நானா. எப்படியாச்சும் காசு கட்டிர்றேன்."

"தங்கச்சி, இது தட்டி எழுப்பத்தான் செய்யும். எழும்பிப் போகவேண்டியது நீங்க. இப்பவே பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. மருந்தெடுத்த பொறகு வாங்க, வாட்ச் பத்திப் பேசுவம்."

அந்தக் கோட்டின் படத்தை அவளுடைய போனுக்கு அனுப்பினார். தெருவில் நின்ற ஓட்டோக்காரரையும் கூப்பிட்டு, ஆஸ்பத்திரியில் இறக்கிவிடும்படி சொன்னார். ஜீவராணி தலையை ஆட்டிவிட்டு ஏறினாள். ஆனால் தெருமுனை திரும்பியதும் இறங்கிக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் வார்டில் போடுவார்கள். தோட்டம் முழுக்கத் தெரிந்துவிடும். பசறை பஸ்ஸிலேயே வீடு திரும்பினாள்.

அந்த வாரம் ஒருநாள், பால் கொடுக்கத் தாய்மார் மலையிலிருந்து இறங்கி வரும் வேளை. தர்ஷிகா அழுதாள் என்று ஜீவராணி அவளைத் தூக்கினாள். நெஞ்சு உதறத் தொடங்கியது. இந்தத் தடவை நிற்கவில்லை. கண் இருட்டியது. பிள்ளையை விட்டுவிடக்கூடாது என்ற ஒரே நினைப்போடு அவளை மார்போடு அணைத்தபடி சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தாள். உள்ளே வந்த நிஷாந்தினி ஓடிவந்து பிள்ளையை வாங்கினாள். மறு கையால் ஜீவராணியின் தலை தரையில் மோதாமல் தாங்கிக்கொண்டாள்.

முகத்தில் தண்ணீர் தெளித்ததும் ஜீவராணி கண் திறந்தாள். சுற்றிலும் தாய்மார். இனி மறைக்க அவளுக்குத் தெம்பில்லை. படபடப்பையும், பதுளைக்குப் போனதையும், பாதி வழியில் திரும்பியதையும் அழுதுகொண்டே சொன்னாள்.

பேரப்பிள்ளையை அங்கே விடும் கருப்பம்மாவுக்குக் கோபம் வந்தது. "இத்தன நோய் வருத்தத்த வச்சிக்கிட்டா புள்ளைங்களத் தூக்கின? கீழ போட்டிருந்தா என்னாகும்?"

"கேக்க வேண்டியதுதான்" என்றாள் நிஷாந்தினி. "ஆனா அவங்க ஏன் சொல்லாம இருந்தாங்கன்னு யோசிச்சீங்களா? தனலெட்சுமி அக்காவ நாம என்ன செஞ்சோம்? சொன்னா வெரட்டுவோம்னு நாமதானே காட்டினோம்? எம் புள்ள இப்ப பத்திரமா இருக்கு. மயங்கும்போதும் அவங்க புள்ளைய விடல."

 மலையிலிருந்து அவர்களோடு இறங்கி வந்து பின்னால் கூடையோடு நின்ற தனலெட்சுமி முன்னால் வந்தாள்.

"நீ போயி வைத்தியம் பாரு ஜீவா. நான் ஒழுங்கா மருந்து எடுக்கிறேன், வலிப்பு வந்து வருசக்கணக்காச்சு. டொக்டரே வேல செய்யலாம்னு சொல்லிட்டாரு. இவங்க சம்மதிச்சா, நீ வர்ற வரைக்கும் நான் புள்ளைங்களப் பாக்குறேன்."

கருப்பம்மா தலையைக் குனிந்தபடி, இடுப்பிலிருந்த பேரனைத் தனலெட்சுமியின் கையில் கொடுத்தாள்.

அன்றே நல்லையாவும் நிஷாந்தினியும் ஜீவராணியைப் பதுளைக்குக் கொண்டுபோனார்கள்.  பஸ்ஸில் நல்லையா, "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் சொல்லி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டான். அவள் அந்தக் கையை விடவேயில்லை.

வார்டில் இருந்த சிங்கள டொக்டர் இளம் பெண். தெரிந்த தமிழில் பொறுமையாகப் பேசினார். போனில் இருந்த கோட்டைப் பார்த்ததும், "இது நல்ல வேலை. இது எடுத்து குடுத்த ஆள் நல்ல ஆள்" என்றார். அவரே மறுபடியும் ஈசிஜி எடுத்தார், இரத்தம் சோதித்தார். கழுத்தில் இருக்கும் தைரொயிட் சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்கிறது, அதனால்தான் இதயம் தாளம் தப்பி அடிக்கிறது, உடம்பும் இளைத்திருக்கிறது என்று விளக்கினார்.

"அம்மா, இதுக்கு மருந்து இருக்கு. ஆனா சும்மா விட்டா, இரத்தம் உள்ள கட்டியாகி, மூளைக்குப் போய், கை கால் விழும் பாரிசவாதம் வரலாம். ஏன் இவ்வளவு சுணங்கி வந்தது?"

 நல்ல வேளை, இப்போதாவது வந்துவிட்டோம் என்று ஜீவராணி நினைத்தாள். கட்டிலின் பக்கத்தில் நின்ற இருவரையும் பார்த்தபோது, கடை மேசைக்குப் பின்னால் நின்ற பவாஸின் முகமும் நினைவுக்கு வந்தது.

மாத்திரைகள் மெல்ல வேலை செய்தன. விரல் நடுக்கம் நின்றது. கன்னத்தில் சதை பிடித்தது. ஒழுங்காகக் கிளினிக் போனாள். நெஞ்சு பழைய தாளத்துக்கு வந்துவிட்டதென்று டொக்டர் சொன்ன நாளில் வாட்சைப் பற்றிக் கேட்டாள்.

"கட்டாயம் இல்ல. வசதி இருந்தா, ஈசிஜி கோடு எடுக்கிறது வாங்குங்க. படபடப்பு வர்ற நேரம் எடுத்து வச்சு, கிளினிக் வரும்போது எனக்குக் காட்டுங்க. அத பாத்து நீங்களா மருந்து கூட்ட, குறைக்கக் கூடாது."

அன்றே, லயத்து வீட்டுத் தோட்டத்தில் காய்த்து, கையோடு கொண்டுவந்திருந்த தோடம்பழங்களோடு அவளும் நல்லையாவும் பவாஸின் கடைக்குப் போனார்கள். அவர் அவளை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்ச நேரமானது.

"அல்ஹம்துலில்லாஹ்! முகமே மாறிப் போச்சே தங்கச்சி."

"நீங்க அன்னைக்கு வித்திருந்தா, நான் அந்த வாட்சக் கட்டிக்கிட்டு, எல்லாம் சரியா இருக்குன்னு நம்பியே விழுந்திருப்பேன் நானா. விக்காம விட்டதுக்குத்தான் நன்றி சொல்ல வந்தேன்."

பவாஸ் கூச்சத்தோடு சிரித்தார். அவளுடைய போனுக்குப் பொருந்துகிறதா, எடுத்த கோட்டைச் சேமித்து வைக்கிறதா என்றெல்லாம் பார்த்து, ஏற்கெனவே ஒருவர் பாவித்த வாட்ச் ஒன்றைத் தெரிந்தெடுத்துக் கொடுத்தார். பணத்தை நல்லையா கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினால் போதும் என்றார்.

ஜீவராணி வேலைக்குத் திரும்பியபோது தனலெட்சுமியை யாரும் போகச் சொல்லவில்லை. பிள்ளைகள் அதிகம், இரண்டு பேர் வேண்டும் என்று தாய்மார் எல்லோரும் சேர்ந்து தோட்ட நிர்வாகத்திடம் கேட்டு அவளையும் நிறுத்திக்கொண்டார்கள்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில், பேரனை விட வந்த கருப்பம்மா எல்லோரும் போகும்வரை தயங்கி நின்றாள்.

"ஜீவா, எனக்கும் மலை ஏறினா மூச்சு முட்டுது. நெஞ்சப் பிடிக்கிற மாதிரி இருக்கு. ஒன்னோட வாட்ச ஒருக்காக் கட்டிப் பாக்கவா? யாருக்கும் சொல்லிறாத."

ஜீவராணி அவள் கேட்டபடி கட்டிவிட்டாள். விரலை வைக்கச் சொன்னாள். கோடு ஒழுங்காக ஓடியது. கோளாறு எதுவும் காட்டவில்லை.

"ஒண்ணுமில்லதானே? அப்ப நான் மலைக்குப் போறேன்" என்று கருப்பம்மா கூடையை எடுத்தாள்.

ஜீவராணி கூடையை அவளுடைய கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, உள்ளே திரும்பித் தனலெட்சுமியிடம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள்.

"பெரியம்மா, இந்த வாட்சுக்குத் தெரிஞ்சது கொஞ்சந்தான். நெஞ்ச அடைக்கிற வருத்தம் இதுல தெரியாதுன்னு டொக்டர் சொல்லியிருக்காங்க. இது ஒண்ணுமில்லன்னு சொன்னாலும் ஒடம்பு வலிக்குதுன்னா, ஒடம்பு சொல்றதத்தான் கேக்கணும். வருத்தத்த மறைச்சா அது வளரும். சொன்னா மருந்து கெடைக்கும், கூட வர நாலு பேரும் கெடைப்பாங்க. சொல்றவங்கள வெரட்டாம இருக்கிறது நம்ம கையில இருக்கு. வாங்க, பதுளை பஸ் வர்ற நேரம். நானும் வர்றேன்."