ஜெயன் சொன்ன ஆமென்

பழவங்காடியில் ஷீனா நடத்திவந்த டி.டி.பி. கடைச் சாவி இப்போது அவளிடம் இல்லை. கணவன் ஜெயனிடம் அவளே கொடுத்துவிட்டாள். துலாமாத மழை இடிக்கு பிளக்கைப் பிடுங்காமல் வந்து கம்ப்யூட்டரைக் கொன்றவள் என்று பெயர் எடுத்தபின் எந்த முகத்தோடு வைத்துக்கொள்வாள்?

சனிக்கிழமை அவள் கடையைப் பூட்டியபோது நல்ல இடி. ஞாயிறு ஆராதனை முடிந்ததும், புது பிராசசர் மாட்டப்போகிறேன் என்று ஜெயன் தனியாகப் போனான். திரும்பி வந்து, “நான் தொடும் முன்னயே செத்துக் கெடக்கு. நீ பிளக்கப் பிடுங்கல்ல” என்றான். பிடுங்கிய ஞாபகம்தான். ஆனாலும் அவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பினாள், பைத்தியக்காரி. அன்று குடும்ப ஜெபத்தில் முழங்காலிட்டு, “என் அஜாக்கிரதையை மன்னியும், ஆண்டவரே” என்று தேம்பித் தேம்பி அழுதாள். ஜெயன் சொன்ன ஆமென்தான் எல்லோருடையதையும்விடச் சத்தமாக இருந்தது.

“இனி கட உனக்கு வேண்டாம். வாடகைக்கு விட்டுரலாம்” என்றான். கம்ப்யூட்டர் பெட்டி வீட்டுக் கட்டிலுக்கடியில் வந்து கிடந்தது. மிஷின் பிழைத்தால் கடையும் பிழைக்கும் என்று ஒருநாள் அவன் வேலைக்குப் போனதும், அதை ஆட்டோவில் ஏற்றிச் சாலைக்கடையில் ரிப்பேர் பார்க்கும் வன்னியராஜிடம் கொண்டுபோனாள்.

அவன் போர்டைக் கழற்றி விளக்கடியில் பிடித்தான். “எக்கா, இது இடி இல்ல கேட்டியளா. இடின்னா கரிஞ்சிருக்கும். பிராசசர் மேல ஃபேன மாட்டும்போ ஸ்குரூ டிரைவர் வழுக்கி போர்டுல கரண்டு போற ரெண்டு கோட அறுத்திருக்கு. மேல எதையோ பூசி மறச்சிருக்காவ.”

ஷீனா குனிந்து பார்த்தாள். ரோஸ் நிறம். நாத்தனார் லிபியின் நிச்சயதார்த்தத்துக்கு வாங்கி, கடை டிராயரில் வைத்து, காணோமென்று தேடிய அவளுடைய நெயில் பாலிஷ்.

வன்னியராஜ் பூச்சைச் சுரண்டிவிட்டு, அறுந்த கோடுகளின் மேல் மெல்லிய கம்பி வைத்துப் பற்றவைத்தான். மிஷின் ஒரு பீப் சத்தத்தோடு உயிர்த்தது. ஷீனாவுக்குச் சந்தோஷம் வரவில்லை. கை வழுக்கியதற்கா கோபம்? யார் கைதான் வழுக்காது! பக்கத்திலேயே முழங்காலிட்டு அவள் அழுததைப் பார்த்துக்கொண்டு வாயை மூடி இருந்தானே, பாவி. ஆமென் சொல்ல மட்டும் திறந்தான்.

மாலையில் ஜெயன் வந்தபோது மேசைமேல் திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது.

“வன்னியராஜ் நெயில் பாலிஷச் சுரண்டிட்டு ஒட்டிக் குடுத்தான்” என்றாள்.

அவன் சட்டையை ஆணியில் மாட்டிவிட்டுக் கால் கழுவப் போனான்.

ஜெபத்துக்கு எல்லோரும் கூடினார்கள். “மக்களே, நீ ஜெபி” என்றாள் மாமியார் ஞானபாய்.

“இன்னைக்கு அவிய ஜெபிக்கட்டு மாமி.”

ஜெயன் ஜெபித்தான். வியாதியஸ்தருக்காக, மழைக்காக, தேசத்து அதிகாரிகளுக்காக, லிபியின் கல்யாணத்துக்காக. ஷீனா கண்ணை மூடிக் காத்திருந்தாள். ‘மன்னியும்’ என்ற அந்த ஒரு வார்த்தை வந்தால் போதும், மீதியை விட்டுவிடலாம் என்றுதான் இருந்தாள். ஜெபம் முடிந்தது. அது வரவில்லை.

ஞானபாய் ஆமென் சொன்னாள். ஷீனா சொல்லவில்லை. எழுந்துபோய், ஆணியில் தொங்கிய அவன் சட்டைப்பையிலிருந்து கடைச் சாவியை எடுத்துக்கொண்டாள்.