எண்ணூற்று நாற்பது மீட்டர்

லேத்துக்காரன் அந்த ஊருக்கு வேலை விசாவில் வந்த மூன்றாம் நாள் காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் அப்படியே குளியலறையிலிருந்து வழுக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தான். அவனுடைய முதலாளி முடிவெட்டிக்கொள்ளக் காரில் கிளம்பியிருந்தார். வாயில் நுரையும் இடுப்பில் துண்டுமாக நாலு தெரு தாண்டி, சலூனுக்கு எண்ணூற்று நாற்பது மீட்டர் இந்தப் பக்கம், ஒரு சாவிக் கடை வாசலில் போய் நின்றான். கடைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்து, "விசாவில வந்தவரா?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். பிறகு விசாக் கடிதத்தை எடுத்து வாசித்தால், பதினேழாவது நிபந்தனையாகத் தெளிவாகவே இருந்தது: பணியாளர், தம்மைப் பொறுப்பேற்று வரவழைத்த முதலாளியிடமிருந்து எண்ணூற்று நாற்பது மீட்டருக்கு மேல் விலகியிருத்தல் ஆகாது. சும்மா எழுதிவைத்திருக்கிறார்கள் என்றுதான் எல்லாரையும் போல அவனும் நினைத்திருந்தான்.

இந்த இழுவையால் உடம்புக்குக் கெடுதல் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். நின்ற வாக்கில், தரையிலிருந்து அரை விரல் உயரத்தில் ஆளைக் கொண்டுபோகும். சிவப்பு விளக்கில் நிற்கும், பச்சை விழுந்தால் புறப்படும், கதவு பூட்டியிருந்தால் யாராவது திறக்கும்வரை மூக்கைக் கதவில் அழுத்திக்கொண்டு காத்திருக்கும், தாமதமானதை அப்புறம் வேகத்தில் ஈடுகட்டும். மழை வந்தால் நனைய வேண்டியதுதான். பெரிய கம்பெனிக்கோ ஆஸ்பத்திரிக்கோ வந்தவர்களுக்கு வம்பில்லை. அவர்களுக்குக் கட்டடம்தான் முதலாளி, கட்டடம் ஞாயிற்றுக்கிழமை எங்கும் கிளம்பாது. தனி ஆளை நம்பி வந்தவர்கள் பாடுதான் திண்டாட்டம். ஒரு சமையல்காரர் தன் முதலாளியின் தேனிலவுக்கே போக வேண்டியதாகி, பக்கத்து அறையில் ஒன்பது நாள் டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு கிடந்தார்.

லேத்துக்காரனின் முதலாளி கெட்டவர் என்று சொல்ல முடியாது. கெட்டவராக இருந்தாலாவது மனசாரத் திட்டலாம், அதற்கும் வழியில்லை. பம்புகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் பட்டறை அவருடையது. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த நூறில் ஒரு பங்கைப் பிடிக்கிற கை உள்ளூரில் கிடைக்கவில்லை என்று எழுதிக் கொடுத்துத்தான் இவனை வரவழைத்தார். முதலாளி வீட்டுக்குப் பின்தெருவில், சலவைக் கடை மாடியில் இவன் குடியிருந்தான். காலையில் அவர் பட்டறைக்குக் கிளம்பினால் இவனும் தானாகப் பட்டறை வாசலுக்கு வந்துவிடுவான். "பஸ்ஸுக்குக் காத்து நிக்கிற தொல்லை இல்ல பாரு," என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்குத் தெற்கே இருக்கும் ஏரிக்கு மீன் பிடிக்கப் போவார். இவன் ஏரிக்கரை வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு குப்பைத் தொட்டியின் பக்கத்தில் போய் நிற்பான், சாயங்காலம்வரை. மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் அந்தத் தொட்டியோடு போயின. துணி துவைக்க நாளில்லை, மகளைப் பூங்காவுக்குக் கூட்டிப்போக நாளில்லை. "ஏரிக் காத்து உடம்புக்கு நல்லதுப்பா," என்பார் முதலாளி, நிஜமாகவே நம்பி.

மகள் பிறந்தது அவன் வந்த முதல் வருஷத்தில், சொந்த ஊரில். மச்சினன் பிடித்த போனில்தான் பார்த்தான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே முதலாளி பாங்குக்குக் கிளம்பிவிட்டதால், பிள்ளையின் முகத்தை ஒரு நிமிஷம்கூட ஒழுங்காகப் பார்க்க முடியவில்லை. இரண்டாம் வருஷம் மனைவி மகளோடு வந்து சேர்ந்தாள். அவள் தாளில் 'சார்ந்தவர்' என்று போட்டிருந்தார்கள். சார்ந்தவருக்கு இழுவை கிடையாது, வேலை செய்யும் அனுமதியும் கிடையாது. பத்து வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள், சலவைக் கடை மாடியில் சன்னலைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுபடி உண்டானபோது அவன், "இந்தத் தடவ நான் வாசல்லயே நிப்பேன், எங்கயும் போகமாட்டேன்," என்று சொன்னான். "நீங்க போகமாட்டீங்க. உங்க முதலாளி போவாரே," என்றாள். பிரசவ ஆஸ்பத்திரி ஊருக்கு வடக்கே பதினான்கு கிலோமீட்டரில் இருந்தது.

ஆகவே அவன் விசா அலுவலகத்துக்கு விண்ணப்பித்தான். ஒரு நாள், ஒரே ஒரு நாள், தூரத்தைத் தளர்த்தித் தர வேண்டும் என்று பன்னிரண்டு பக்கப் படிவத்தைப் பூர்த்திசெய்து, மருத்துவச் சான்று, திருமணச் சான்று, முதலாளியின் சம்மதக் கடிதம் எல்லாம் இணைத்து அனுப்பினான். ஐந்து மாதம் சத்தமே இல்லை. ஆறாவது மாதம் பதில் வந்தது: எண்ணூற்று நாற்பது மீட்டர் இடைவெளியில் பணியாளரும் முதலாளியும், இருவர் முகமும் தெளிவாகத் தெரியும்படி, ஒரே சட்டகத்தில் நிற்கும் புகைப்படம் இணைக்கப்படவில்லை. அப்படி ஒரு படத்தை எந்தப் புகைப்படக்காரராலும் எடுக்க முடியவில்லை. போன் செய்தால் ஒரு குரல், உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று நாற்பது நிமிஷம் சொல்லிவிட்டுத் துண்டித்தது. தாளாகக் கொண்டுபோய் நேரில் கொடுக்கலாமென்றால், அலுவலகம் பட்டறையிலிருந்து ஆறு கிலோமீட்டர். கடைசியில் முதலாளியே மனமிரங்கி, டாக்டர் சொன்ன தேதிக்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் ஏரிப் பக்கமே தலைவைக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார்.

குழந்தை பதினோரு நாள் முன்னதாகக் கிளம்பியது. ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்றேகால். ஏரிக்கரையில் நின்றவனின் போன் அடித்தது. பனிக்குடம் உடைந்துவிட்டது, மகளைச் சலவைக் கடைக்காரம்மாவிடம் விட்டாயிற்று, ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருக்கிறது என்று மனைவி மூச்சு வாங்கச் சொன்னாள். அவன் உடனே முதலாளியைக் கூப்பிட்டான். "நல்ல விஷயம்தானேப்பா," என்றார் அவர். "ஒரு ரெண்டு மணி நேரம் பொறுத்துக்க. காலையிலேர்ந்து இப்பத்தான் மீன் கடிக்க ஆரம்பிச்சிருக்கு. பொறக்கிற பிள்ளை எங்க ஓடிடப்போகுது?" லேத்துக்காரனின் வாய், சரி முதலாளி என்றுதான் சொன்னது. மூன்று வருஷமாக அந்த வாய்க்கு வேறு பேச்சுப் பழக்கமில்லை. அதை அப்படியே மனைவியிடம் சொன்னான். அவள் ஒரு வலியை விழுங்கி முடித்துவிட்டு, "உங்க முதலாளிக்கு மட்டும்தான் காலு இருக்கா? உங்களுக்கு என்ன, கட்டையா?" என்று கேட்டுப் போனை வைத்துவிட்டாள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எல்லைக்கு வந்ததும் பின்கழுத்தில் சட்டையைப் பிடித்து இழுப்பது போல இருக்கும். அதற்கு மேல் ஓர் அடிகூட யாரும் எடுத்து வைத்ததில்லை. வைத்தால் விசா போய்விடும் என்று யாரோ யாருக்கோ சொல்லி, அது எல்லாருக்கும் தெரிந்த விஷயமாகிவிட்டது. லேத்துக்காரன் அன்றைக்கு வடக்கே திரும்பி நடந்தான். கழுத்தில் பிடித்தது. இன்னோர் அடி வைத்தான். பஞ்சரான வேனைத் தனியாகத் தள்ளுவது போல இருந்தது. பத்து அடிவரை அப்படித்தான். பதினோராவது அடியில் பாரம் விட்டுவிட்டது, போன் அடித்தது.

"ஏம்பா, நான் பாட்டுக்கு உக்காந்திருந்தேன், இப்ப எழுந்து நின்னு நகர்ந்துக்கிட்டிருக்கேன். நீ ஏதாவது பண்றியா?" என்றார் முதலாளி.

"நடக்கிறேன் முதலாளி. ஆஸ்பத்திரிக்கு."

"திரும்பி வந்துடு. இல்லன்னா நாளைக்கே உன் விசாவ ரத்து பண்ணச் சொல்லி எழுதிக் குடுத்துடுவேன்," என்றார்.

அவன் நிற்கவில்லை. பயம் இருந்தது. "நாளைக்குத்தானே முதலாளி, எழுதிக் குடுங்க. இன்னைக்கு நான் போயாகணும்."

ஏரிச் சாலை முனையில் வடக்கே போகும் பஸ் வந்தது, ஏறிக்கொண்டான். எண்ணூற்று நாற்பது மீட்டர் பின்னால், கையில் தூண்டிலோடு, ரப்பர் பூட்ஸ் போட்டபடி முதலாளி நெடுஞ்சாலையில் வழுக்கிக்கொண்டு வந்தார். பின்னால் வந்த லாரிக்காரர்கள் வழிவிட்டார்கள். மறுபடி போன் வந்தபோது அவர் குரல் இறங்கியிருந்தது. லாரி வருகிறது, சிக்னல் வருகிறது என்று பதறினார். "சிக்னல்ல அதுவா நிக்கும் முதலாளி, பயப்படாதீங்க," என்றான் இவன். "முதுகை நேரா வெச்சுக்குங்க. பூட்ஸ் கழண்டா விட்டுடுங்க, எடுக்கக் குனிஞ்சா தலை சுத்தும்." மூன்று வருஷத்து அனுபவம், வஞ்சனையில்லாமல் சொன்னான்.

அவன் பிரசவ வார்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று. மனைவி கட்டிலில் கிடந்தபடி, "உங்க முதலாளி எங்க?" என்று கேட்டாள். "பின்னாடி ஒரு டயர் கடையில நிக்கிறார்," என்றான். அவளுக்கு அந்த வலியிலும் சிரிப்பு வந்து, நர்ஸிடம் திட்டு வாங்கினாள். நாலரை மணிக்கு இரண்டாவது மகள் பிறந்தாள். குழந்தையை அவன் கையில்தான் முதலில் கொடுத்தார்கள். அவனுக்கு அழுகை வந்தது, மறைக்காமல் அழுதான். டயர் கடையில் முதலாளி இரண்டு தடவை தெற்கே நடந்து பார்த்தாராம். பின்கழுத்தில் பிடித்ததும், ஏதாவது ஆகிவிடுமோ என்று இரண்டு தடவையும் நின்றுவிட்டாராம்.

திங்கட்கிழமை அவர் சொன்னபடியே எழுதிக் கொடுத்தார். ரத்து விண்ணப்பம் என்றால் மட்டும் அந்த அலுவலகத்துக்கு எங்கிருந்துதான் சுறுசுறுப்பு வருமோ, ஐந்தே வாரத்தில் பதில் வந்தது. அந்த ஐந்து வாரமும் லேத்துக்காரன் வீட்டில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. பெட்டிகளைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துத் தூசி தட்டி வைத்திருந்தார்கள். பதிலில் நாலே வரிதான். குறிப்பிட்ட நாளில் இருவருக்கும் இடையே இருந்த தூரம் எந்த நேரத்திலும் எண்ணூற்று நாற்பது மீட்டரைத் தாண்டவில்லை. யார் யாரைப் பின்தொடர வேண்டும் என்று நிபந்தனையில் குறிப்பிடப்படவில்லை. மீறல் ஏதும் இல்லை. கோப்பு மூடப்படுகிறது.

இத்தனை வருஷமும் அது அப்படித்தான் இருந்திருக்கிறது, ஒரு ஆளாவது பதினோரு அடி நடந்து பார்க்கவில்லை. நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரமாகத்தான் வருகிறது. சேதி பரவியதும் சமையல்காரர் தன் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு முதலாளியையும் இழுத்துக்கொண்டு போனார். பிடிவாதமாக எதிரெதிர்ப் பக்கம் நடந்தவர்கள் அந்தந்த இடத்திலேயே அசையாமல் நின்றுபோனார்கள், வேறு வழியில்லாமல் போனில் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். விசா புதுப்பிக்க இப்போதும் ஒன்றரை வருஷம் ஆகிறது, போன் குரல் இப்போதும் அழைப்பு முக்கியம் என்கிறது, அவற்றிலெல்லாம் மாற்றம் ஒன்றுமில்லை. ஆனால் சனிக்கிழமை மதியம் பட்டறையில் இயந்திரங்கள் நின்றதும், முதலாளி கையைத் துடைத்துக்கொண்டே லேத்துக்காரனிடம் வருவார். "நாளைக்கு உனக்கு எங்கப்பா போகணும்?" என்று கேட்பார். "எங்கயும் இல்ல முதலாளி, பிள்ளைங்களோட வீட்லதான்," என்பான் அவன் பெரும்பாலும். சரி என்று தலையாட்டிவிட்டு, அவரும் அந்த ஞாயிறு முழுக்கத் தன் வீட்டிலேயே செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார்.