டெஃபனிட்லி வந்துடுவான்

வாஷிங் மெஷின் பழுதாகிவிட்டது என்று கத்துகிறவர்களுக்கு வீட்டிலிருந்தே போனில் பதில் சொல்வதுதான் பெரியவளுக்கு வேலை. அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. மெக்கானிக் கிளம்பிவிட்டால் நேரத்தைச் சொல்வார்கள். ஆளே கிடைக்கவில்லை என்றால், "இன்னைக்கு டெஃபனிட்லி வந்துடுவாங்க சார்!" அந்த இங்கிலீஷ் வார்த்தைக்கு அகராதி என்ன பொருள் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். இவர்களுக்குள் அதற்கு, 'எனக்கே தெரியாது, ஆளை விடு' என்றுதான் பொருள்.

அன்று காலை அந்த வார்த்தை அவள் தலையிலேயே வந்து விடிந்தது.

அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. அவளுடையது பொருந்தவில்லை, தம்பியுடையது பொருந்தியது. மறுநாள் ஆபரேஷன். சாயங்காலத்துக்குள் அப்பாவும் பிள்ளையும் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும்.

வெளியூரிலிருந்த தம்பிக்குப் போன் போட்டாள். "எந்த பஸ்லடா வர்றே?"

"டெஃபனிட்லி வந்துடுவேன்க்கா."

"கிளம்பிட்டியா இல்லையா?"

"அதான் டெஃபனிட்லின்னு சொல்றேன்ல!" வைத்துவிட்டான். அதன் பிறகு எடுக்கவே இல்லை.

அப்பா சட்டை மாட்டி, பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"தம்பி என்னம்மா சொன்னான்?"

பழகிய வாய் சும்மா இருக்குமா? "டெஃபனிட்லி வந்துடுவான்ப்பா" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். படுக்கையில் விழுந்த நாளிலிருந்து அப்பாவுக்கும் அவள் வேலை பார்க்கும் இந்த அறைதான். அவள் பேசும் ஒவ்வொரு பேச்சும் அவர் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது.

"எனக்குமாம்மா?" என்றார்.

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "தெரியலப்பா. போனே எடுக்க மாட்டேங்கறான்."

அப்பா தன் போனில் கூப்பிட்டார். அப்பா என்பதாலோ என்னவோ, எடுத்தான்.

"பயமா இருக்காடா?"

அவன் தேம்புவது அவளுக்கே கேட்டது.

"அட, அழாதே. எனக்கு எதுவும் தர வேணாம். அதுக்காக அப்பாவைப் பார்க்க வராம இருந்துடாதே, என்ன?"

போனை வைத்தார். பையை மடியிலிருந்து இறக்கிக் கட்டிலுக்கடியில் தள்ளினார்.

"டாக்டருக்குப் போன் போடும்மா," என்றார். "நாங்க வரலைன்னு சொல்லிடு."